ஓரத்தில் நின்ற இருவர்

...இல்லையே, குழாயின் வெளி விட்டத்தைத்தானே போட்டேன், கணக்கில் தப்பில்லை, பிறகு ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று அவர் மவுஸைப் பிடித்துத் திரையிலிருந்த பித்தளைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் கொடியும் இலையும் அழகாகத்தான் வளைந்திருக்கின்றன, பின்பக்கம் வந்தால் படத்திலிருக்கிற அம்மாவும் மகளும் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு திசையில் கையை நீட்டிக்கொண்டு... நேற்றுத் தட்டையாகப் பார்த்தபோது நேருக்கு நேர் நின்றவர்கள்தானே? மகள் தனி வீடு போகிறாள், அங்கே மாட்ட ஒரு விளக்குக் கூடு, உள்ளே பல்பு எரிந்தால் வெட்டிய கோடுகள் வழியாகப் படம் சுவரில் விழ வேண்டும், அதற்காகத்தான் மனைவி வரைந்தாள், அவள் பென்சிலைத் தொட்டே எத்தனை காலமாயிற்று... சாப்பாட்டு மேசையில் நீளக் காகிதத்தை விரித்துவிட்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்த பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றாள். இடது ஓரத்தில் அம்மா, வலது ஓரத்தில் மகள், இரண்டு பேரும் வெளியே பார்த்துக் காகித விளிம்பு வரை கையை நீட்டியபடி, நடுவில் முழுக்கக் கொடி. "என்ன இது, ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போற மாதிரி இருக்கு?" என்று இவர் பெரிய ரசிகர் மாதிரி கேட்டார். மகள் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள்... சிரித்தாளா? உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

அதோடு விட்டாரா, இரண்டு உருவத்தையும் நின்ற இடத்திலேயே திருப்பிப் போட்டு, ஒருவரையொருவர் பார்க்க வைத்து, நேற்று அவளிடம் காட்டி, "இப்ப எப்படி?" என்று வேறு கேட்டார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "குழாய்ல சுத்திப் பார்த்தீங்களா?" "அதெல்லாம் பார்த்தாச்சு, எனக்குத் தெரியாதா?" பார்க்கவில்லை. வாய் கூசாமல் வந்த பொய். "அப்ப சரிங்க" என்று அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இப்போது அவளுடைய பழைய படத்தை எடுத்துக் குழாயில் சுற்றுகிறார், விரல் தயங்குகிறது, பார்க்காமலே தெரிந்துவிட்டது... இரண்டு ஓரமும் வந்து சேருகிற இடத்தில் அம்மாவின் கை மகளின் கையைப் பிடித்திருக்கிறது. மயிரிழை இடைவெளி இல்லை. குழாயில் நூலைச் சுற்றி அளந்துவிட்டுத்தான் காகிதத்தை வெட்டியிருக்கிறாள். தட்டையான படத்தைக் குழாயில் ஏற்றுவதுதான் இவருடைய பிழைப்பு, ஊரார் படத்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட அனுப்புவார், வீட்டு மேசையில் கிடந்ததை மட்டும்... வெட்கமாக இருந்தது, தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

வெட்டும் மெஷினிலிருந்து ஆபரேட்டர் கூப்பிட்டார், "சார், குழாயை மாட்டியாச்சு, ஃபைல் எங்க?" இதோ என்று பழைய படத்தையே அனுப்பினார். நல்லவேளை, வெட்டவில்லை, பித்தளை தப்பித்தது, சாயங்காலம் மாட்டிவிடலாம்... ஆனால் அவளுக்குத் தெரியுமே? நேற்றே தெரியுமே, திருப்பிப் போட்டதைப் பார்த்த உடனேயே, மகள் வீட்டுச் சுவரில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் விழப்போகிறார்கள் என்று. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இப்படிச் சுற்றினால் கை சேரும் என்று, ஒரே வார்த்தை... போனை எடுத்தார். "என்னங்க?" என்றாள், பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். "உன் படத்தையே அனுப்பிட்டேன்." தண்ணீர் நின்றது. "ஏன், உங்களோடதே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள், கேலியில்லை, கோபமில்லை, சாதாரணமாக, தினமும் சொல்கிற மாதிரி. தினமும் சொல்கிற மாதிரிதான்... சோபாவின் இடத்துக்கு, மகளின் படிப்புக்கு, விட்டுவிட்ட அவள் வேலைக்கு, எல்லாவற்றுக்கும் இதே குரலில் அப்ப சரிங்க என்றவள், அதற்கு முன்னால் எதையோ கேட்டிருப்பாளே, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கேட்டிருப்பாளே, என்ன கேட்டாள்?