பச்சை குத்திய கை

என் மனைவி ராஜகுமாரி கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தாள். படம் ஓடவில்லை. விநியோகஸ்தர் வேறொரு பெண்ணை அதே புடவையில் குளிக்கவிட்டு, முகம் தெரியாமல் படம்பிடித்து நடுவில் ஒட்டினார். அந்தப் பிட்டுக்காகவே பிறகு படம் ஓடியது. இதெல்லாம் தெரிந்தேதான் அவளைக் கட்டினேன். எவனையும் என் முன்னால் அதைப் பற்றி வாய் திறக்க விட்டதில்லை.

இப்போது பரத் என்பவன், இணையத்தில் பழைய படங்கள் போடுகிறவன், அந்தத் துண்டை மட்டும் வெட்டி என் மனைவி பெயரோடு ஏற்றிவிட்டான். அது என் பேத்தி அகல்யாவின் வருங்கால மாமனார் ரகுநாதன் கைக்கும் போய்விட்டது.

"டூப்னு வாயால சொன்னா ஆச்சா? சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் காட்டுங்க. இல்லன்னா நிச்சயதார்த்தம் வேணாம்" என்றார்.

பரத்தை அண்ணனூரில் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"டென்சன் ஆவாதீங்க தாத்தா. பாட்டி இல்லன்னு நானே காட்டுறேன்" என்று மடிக்கணினியைத் திறந்தான். "இந்தக் கையப் பாருங்க, புருசன் பேரு பச்ச குத்திகீது. பாட்டி கையில ஒண்ணுமில்ல. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் போட்டா மேட்டர் ஓவர். வியூசும் பிச்சிக்கும்."

அவன் பெரிதாக்க, 'கஜபதி' என்ற எழுத்துகள் தெளிந்தன. அது என் பெயரல்ல; எனக்கு மூச்சு வந்தது.

"போடு."

"போடாத!" ராஜகுமாரி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "அது எல்லம்மா. பக்கத்துல சேக்காட்டுல மவன் ஊட்ல கீறா. அந்தப் பேரப் பார்த்தா தெருவே கண்டுபுடிச்சிடும். அப்புறம் அவ உசுரோட இருப்பாளா?"

"உன் மானம்?" என்றேன்.

"நான் குளிக்க மாட்டேன்னதாலதான அவளப் புடிச்சாந்தானுங்க? என் புடவைய அவளுக்குக் கட்டிவுட்டதே நான்தான். அழுதுகினே நின்னா."

கைப்பேசி அடித்தது. ரகுநாதன். அகல்யா அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஆதாரம் கிடைச்சுதா பெரியவரே?"

"இருக்கு. காட்டமாட்டேன்."

"அப்ப நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"அது என் பொண்டாட்டி இல்ல. நான் சொன்னா சொன்னதுதான். என் சொல்லு போதாத வீட்டுல என் பேத்தி கால் வைக்க மாட்டா."

ரகுநாதன் இணைப்பைத் துண்டித்தார்.

பரத் மடிக்கணினியை மூடப் போனான்.

"மூடாதே. இங்கேயே உட்கார்ந்து எல்லாத்தையும் அழி" என்றேன்.

அகல்யா அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.