எல்லாம் அணைத்த பிறகும்

"உள்ள எதுவுமே போடல மேடம். ஆனா காலையில பார்த்தா பேட்டரி செத்துக் கிடக்குது," என்றார் வீட்டுக்காரர். வீடு என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு. பெரிய கட்டடங்களுக்கு மேற்பார்வை பார்க்கிறவர். வேலை எங்கேயோ, அங்கே டிரெய்லரும் மனைவியும் போய்ச் சேருவார்கள். இப்போது ஒரு மரக்கிடங்கின் பின்வளாகத்தில் நிறுத்தியிருந்தார். பெண் எலக்ட்ரீஷியன் இருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்று எங்கள் கடைக்குப் போன் செய்தாராம். இத்தனை வருஷத்தில் பெண் என்பதற்காகவே என்னைத் தேடி வந்த முதல் வேலை. அசடு மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் வந்தேன்.

கதவைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே கட்டிலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள், உடனே வாசலைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஏதோ ஒன்று கள்ளத்தனமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருப்பதுதான் இந்தக் கோளாறு. கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே பேட்டரியில் மாட்டிய மீட்டரைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் உள்ளே ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ அந்த ஒயரில்தான் திருடன் இருக்கிறான். மீட்டரை அவரே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

"குறையல," என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். அடுத்ததைப் பிடுங்கினேன். "குறையல." அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. படிக்கட்டு விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கினேன்.

"ஆங், விழுந்துடுச்சு. சுத்தமா பூஜ்யம்."

அந்த ஒயர் கட்டிலுக்கு அடியில் போனது. "கொஞ்சம் எழுந்திருங்கம்மா," என்றேன். அவள் அசையவில்லை. பிறகு, "அக்கா," என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு எழுந்தாள். பலகையைத் தூக்கினேன். ஒயரைச் சீவி, அதிலிருந்து கிளை பிரித்து, ஒரு சார்ஜர் மாட்டியிருந்தது. அதன் நுனியில் முதுகு உப்பிய பழைய போன். ஒயர்களை முறுக்கிச் சேர்த்த விதம் கச்சிதமாக இருந்தது. மேலே டேப்புக்குப் பதில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள்.

"பிடுங்கினா அணைஞ்சுடும்க்கா, சார்ஜே நிக்காது," என்றாள் கிசுகிசுப்பாக. "வெள்ளிக்கிழமை எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான். அதுவரைக்கும் போதும். தெரிஞ்சா கொன்னுடுவாரு."

எல்லா வீட்டிலும் சொல்கிற 'கொன்னுடுவாரு' இல்லை அது.

"எது மேடம் அது?"

"படிக்கட்டு லைட்டு சார். ஒயர்ல தண்ணி இறங்கியிருக்கு."

"இருங்க, நானும் வந்து பார்க்கறேன்."

சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் வந்தது. கிளை ஒயரை வெட்டி, சார்ஜரையும் போனையும் என் கருவிப் பைக்குள் போட்டேன். பலகையை மூடுவதற்குள் வந்துவிட்டார். குனிந்து ஒயரை வெளியே இழுத்தார். அதில் பிளாஸ்திரி வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

"இது யார் சுத்தினது?"

"நான்தான் சார். டேப் தீர்ந்துபோச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் கறுப்பு டேப் முழுச் சுருளாகத் தொங்கியது. பிறகு மனைவியின் முழங்கையைப் பார்த்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். கண்டுபிடிச்சுட்டீங்க. கிளம்புங்க," என்றார் மிகவும் மரியாதையாக.

"வேற ஒயர் மாத்தணும் சார். இவங்களும் என்கூடக் கடை வரைக்கும் வந்தா…"

"அவ எங்கயும் வர மாட்டா."

அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன். அவரும் பின்னாலேயே இறங்கித் தாழ்ப்பாளைப் போட்டார்.

வேனுக்குள் உட்கார்ந்து அந்தப் போனை என் சார்ஜரில் செருகினேன். போன் திரை ஒளிர நேரம் எடுத்துக்கொண்டது. கண்ணாடியில் அவர் தெரிந்தார். காரைப் பின்னால் எடுத்து டிரெய்லரின் முன்னால் ஒட்டி நிறுத்தினார். கொக்கியை மாட்டினார். டிரெய்லருக்கு முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கியைச் சுற்றி ஏற்றினார். படிக்கட்டை மடித்து உள்ளே தள்ளினார். வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தால் இங்கே சரளைக்கல்தான் இருக்கும்.

போனில் ஒரே ஒரு எண் இருந்தது. அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒரு கையால் வேனை ஓட்டிப்போய் வளாகத்தின் ஒரே வாசலில் குறுக்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. இருந்தும் செய்துவிட்டேன்.

கார் வந்து என் கதவுக்கு வெகு அருகில் நின்றது. ஹாரன் அடித்தார். பின்னால் டிரெய்லரின் சின்ன ஜன்னலில், திரையை விலக்கிப் பிடித்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் பேசவில்லை. தங்கையின் குரல் கேட்காமல் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தார்கள் போல. மூச்சு மட்டும் கேட்டது. காரின் கதவு திறந்தது.