இடறல்

என் புருஷன் ஜெபசீலன் செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன சபைக்குப் பாஸ்டர். அவர் வாயில எப்பவும் ஒரு வார்த்தை: இடறல். நாம செய்றதைப் பார்த்து இன்னொருத்தர் விசுவாசம் ஆட்டம் கண்டுடக் கூடாதாம். "யாருக்கும் இடறலா இருக்கக் கூடாது ஹெப்சி." நான் தலையில பூ வைக்க ஆசைப்பட்டப்பவும் இதேதான், சபையில என்னைப் பத்திப் புறணி பேசினப்பவும் இதேதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இவருக்கு சுகர். பாதத்துல உணர்ச்சியே கிடையாது, நெருப்பை மிதிச்சாலும் தெரியாது. தாம்பரத்துல பார்த்த டாக்டரம்மா மெத்துன்னு ஒரு ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்து, "பாத்ரூம் போனாக்கூட கழட்டாதீங்க"ன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க. எல்லா இடத்துலயும் போட்டார், ஆல்டரைத் தவிர. பிரசங்கம் பண்ற அந்த மேடைக்கு எங்க சபையில யாரும் செருப்போட ஏற மாட்டாங்க.

சபை செக்ரட்டரி லாசரஸ் சார்கிட்ட போய் நின்னேன். "புதுசா இன்னொரு ஜோடி வாங்கி ஆல்டர்லயே வச்சிடறோம் சார். அது தெருவையே மிதிக்காது"ன்னு கெஞ்சினேன்.

"பெரிய பெரிய தீர்க்கதரிசிங்களே ஆண்டவர் முன்னாடி செருப்பைக் கழட்டியிருக்காங்க சிஸ்டர். நம்ம பாஸ்டர் அவங்களுக்கும் மேலயா?"

லாசரஸ் சார் இடுப்புல மாட்டுத்தோல் பெல்ட். அது ஆல்டர் வரைக்கும் போகலாம், என் புருஷனோட ரப்பர் போகக் கூடாது. என்ன நியாயமோ, ஆண்டவருக்கே வெளிச்சம். இவராவது வாயைத் திறந்தாரா? "விடு ஹெப்சி, இடறல் வேண்டாம்."

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறுக்கு மேடையில ஓலை ஜோடிச்சவங்க ஒரு குண்டூசியைக் கீழே விட்டுட்டாங்க. அது இவர் வலது குதிகால்ல ஏறிடுச்சு. இவருக்குத் தெரியலை. பாதத்தைக் காட்டுங்கன்னு நான் கேட்டா, "பரிசுத்த வாரம், நேரமில்லை"ன்னு ஓடிடுவார். அந்தக் காலோடயே வீடு வீடா ஜெபத்துக்குப் போனார், பெரிய வெள்ளி ஆராதனை முழுக்க நின்னார். ஈஸ்டர் அன்னிக்கு நாத்தம் தாங்காம நானே பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாப் போச்சு.

"இடது காலையாவது காப்பாத்துங்க. இதுவும் போனா படுக்கைதான்"னு டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க. சபையார் பழம் வாங்கிட்டு வந்தாங்க. லாசரஸ் சார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பாஸ்டர் ஊழியத்துக்காகக் காலையே கொடுத்துட்டார்"னார். கொடுத்தாராம்! பிடுங்கினவங்க சொல்றாங்க.

போன சனிக்கிழமை தாம்பரத்துல போதகர் ஐக்கியக் கூட்டம். சோர்ந்துபோன ஊழியக்காரங்களை உற்சாகப்படுத்தணுமாம், தலைப்பு 'தியாகம்'. வேற யாரைக் கூப்பிடுவாங்க? இவரைத்தான் பேசச் சொன்னாங்க. இடம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் அதே மேடையில ரிசப்ஷன் நடந்திருக்கு. மாப்பிள்ளை ஷூவோடதான் நின்னிருப்பார். பூத்தோரணம் ஓரமா வாடிக் கிடந்துச்சு.

இவர் கக்கத்துல கட்டையை ஊணிக்கிட்டு படிக்கிட்ட போனார். ஐக்கியத் தலைவர் பாஸ்டர் ஆஸ்டின் மைக்லயே ரொம்ப அன்பாச் சொன்னார்: "பாஸ்டர், காலையில ஜெபிச்சு இந்த மேடையை ஆல்டரா பிரதிஷ்டை பண்ணியிருக்கோம். செருப்பை மட்டும்..."

மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. நான் ஓடினேன். "இது டாக்டர் கொடுத்தது பாஸ்டர். இவருக்கு இருக்கறதே ஒரு கால்!"

"விசுவாசம் வைங்க சிஸ்டர். ஒரு காலை வாங்கிக்கிட்ட ஆண்டவருக்கு இன்னொண்ணைக் காப்பாத்தத் தெரியாதா?"

கை தட்டினாங்க. எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறியணும் போல இருந்துச்சு. இவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "வேண்டாங்க. கீழேயே சேர் போட்டுப் பேசுங்க. நீங்க கொடுத்ததெல்லாம் போதுங்க"ன்னு அழுதேன்.

முன்வரிசையில இளம் போதகருங்க உட்கார்ந்திருந்தாங்க. இவர் அவங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் பார்க்கறாங்க ஹெப்சி. இடறலாயிடும். கழட்டு."

இவரால குனிய முடியாது. முழங்கால் போட்டு நான்தான் கழட்டினேன். பின்னாடி அல்லேலூயா சத்தம்.

நல்லாத்தான் பேசினார். பாவி மனுஷன், கல்லும் கரையற மாதிரிப் பேசினார். படப்பையில இருந்து வந்த காலேப்னு ஒரு போதகர் எழுந்து நின்னு தேம்பினார். "ஊழியத்தை விட்டுட்டு கம்பெனி வேலைக்குப் போயிடலாம்னு இருந்தேன் ஐயா. இனி சாகிற வரைக்கும் விட மாட்டேன்." வாலிபப் பிள்ளை, போன வருஷம்தான் கல்யாணமாம். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துச்சு. நான் அந்தப் பிள்ளையோட காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

இவருக்குப் பொன்னாடை போட்டாங்க. இறங்கி வந்தவரை சேர்ல உட்கார வச்சு, செருப்பை மாட்ட இடது பாதத்தை என் மடியில எடுத்து வச்சேன். குதிகால்ல ஒரு குண்டூசி. ரிசப்ஷன் தோரணத்துல குத்தினதுதான். தலை மட்டும் வெளியே தெரிஞ்சுது.

இவரை நிமிர்ந்து பார்த்தேன். "வலிக்குதாங்க?"

கை குலுக்க வந்து நின்னவங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இவர் கேட்டார், "எது?"