ஆறு மணி வேலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்குமாம். என் கணவர் போகிற வருகிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் சலவை நிலையத்துக்கு யாராவது தாமதமாக வந்தால், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் குரல் கேட்டுவிடும்.

நாங்கள் துவைப்பது ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி. மெஷின்கள் நன்றாகத்தான் ஓடின. துணியைப் போட, எடுக்க, மடிக்கத்தான் ஆள் இல்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது மெஷின்காரரும் வேன் டிரைவரும் நாங்கள் இரண்டு பேரும்தான். என் கணவர் இஸ்திரி உருளைக்குள் விரிப்பை விட்டால் அது அந்தப் பக்கம் முக்கோணமாக வந்து விழும். மடிக்க நான் உட்கார்ந்தால் போன் அடிக்கும். எடுத்தால் நான் பாடுவது எப்போதும் அதே பாட்டுத்தான்: "ஆள் இல்லைங்க சார், நாளைக்கு அனுப்பிடறோம்."

ஆஸ்பத்திரி ஸ்டோர் அதிகாரிக்கு அந்தப் பாட்டு அலுத்துவிட்டது. "அடுத்த வாரமும் துணிக்கட்டு குறைஞ்சா நான் வேற இடம் பார்த்துக்கறேன்மா. கோவிச்சுக்காதீங்க" என்றார். தன்மையாகச் சொல்லிவிட்டதால் பதிலுக்குக் கத்தவும் வழியில்லை. அந்த ஆஸ்பத்திரி கையை விட்டுப் போனால் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், எங்களுக்கு வேறு கதி இல்லை.

போர்டு எழுதுபவருக்குப் போன் போட்டேன். "காலை ஆறு மணி வேலைக்கு ஆட்கள் தேவைன்னு எழுதி கேட்டுல மாட்டிடுங்கண்ணே" என்றேன். அவர் தங்கமான மனிதர், ஆனால் கலை ஆர்வம் கொஞ்சம் அதிகம். நான் கேட்காமலேயே பாதிப் பலகையை அடைத்து ஒரு வாஷிங் மெஷினை வரைந்தார். அதோடு விட்டாரா? அதிலிருந்து நுரை பொங்கி வழிவதையும் வரைந்தார். நுரை வழிந்ததில் 'காலை' என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. "ஆறு மணி வேலை. ஆட்கள் தேவை" என்று முடித்து, சாயங்காலம் மாட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வேலையில் முழுகிக் கிடந்த எங்களுக்குத் தெரிந்தது பலகையின் முதுகு மட்டும்தான்.

மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் ஈ காக்கைகூட இல்லை. ஒன்பது மணி வாக்கில் கேட்டருகே சலசலப்பு. எட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள்.

"ஆறு மணி வேலைக்கு ஒன்பது மணிக்கு வந்து நிக்கறீங்களே, இது நல்லா இருக்கா?" என்று பிடித்துக்கொண்டேன்.

முன்னால் நின்றவளின் பட்டப்பெயர் மைக்கு. அவள் வாயைத் திறந்ததுமே பெயர்க்காரணம் விளங்கிவிடும். "அக்கா, ஆறு மணி வேலைன்னுதானே போட்டிருக்கு? ஒன்பதுலேர்ந்து மூணு. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ஆறு மணி நேரம் வரும்!"

வெளியே போய்ப் பலகையைப் படித்தேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பின்னால் என் கணவர் சிரித்தார். நான் முறைத்ததும் சிரிப்பு இருமலாக மாறியது.

"அது காலையில ஆறு மணிம்மா. எழுதினவர் ஒரு வார்த்தையை முழுங்கிட்டார்" என்றேன்.

அத்தனை முகமும் வாடிப்போயிற்று. "அதானே பார்த்தேன்" என்றாள் மைக்கு, இந்த முறை மெதுவாக. "ஆறு மணிக்கு நாங்க இங்க வந்துட்டா, பிள்ளைங்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பறது யாரு? நமக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு வேலைன்னு நேத்தே தெரு முழுக்கச் சொல்லிட்டேன். பரவாயில்லைக்கா, நாங்க கிளம்பறோம்."

எல்லோரும் எங்கள் பின்தெருக்காரர்கள். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நான் போனில் புலம்பிக்கொண்டிருந்த நாளெல்லாம், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை பேர் வேலை தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். "கொஞ்சம் நில்லுங்க" என்றேன். எதற்கு நிற்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மெஷின்காரரிடம் திரும்பினேன். "நாம ஏன் ஆறு மணிக்கு ஆரம்பிக்கறோம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க மாமனார் காலத்துலேர்ந்தே அப்படித்தான். அவருக்குத் தூக்கம் வராது."

உடனே வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணியைக் காலையில் இறக்காமல் சாயங்காலம் இறக்கலாமா என்று ஸ்டோர் அதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "காலையில நீங்க இறக்கற கட்டெல்லாம் நாள் பூரா என் இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது. வார்டுக்கு மறுநாள்தான் போகும். உங்களுக்குக் காலைதான் வசதின்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"உங்களுக்குக் காலைதான் வேணும்னு நாங்க இருந்துட்டோம் சார்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அசடு வழிந்தோம். ஆனால் கெடுவை அவர் விடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வாரம் முழுக்கக் கட்டு குறையக் கூடாது.

திரும்பி வந்து நேரத்தை ஒன்பதிலிருந்து மூன்று வரை என்று மாற்றிவிட்டதாகச் சொன்னதும் மைக்கு அடுத்த முடிச்சை எடுத்துப் போட்டாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளை மத்தியானமே விட்டுவிடுவார்களாம். அவர்களை என்ன செய்வது? எல்லோருமாகப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றோம். அவர் ஒரு காலி அறையைத் திறந்துவிட்டார். "அறை நான் தர்றேன். கூட உட்கார உங்கள்ல ஒருத்தர் வரணும்" என்றார்.

"முறை வெச்சுக்குங்க. அங்க உட்கார்றவங்களுக்கும் அன்னிக்கு இங்க சம்பளம் உண்டு" என்றார் என் கணவர். முக்கோண விரிப்புக்காரருக்கு மூளை சதுரமாகவும் வேலை செய்யும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

திங்கட்கிழமை அவர்கள் வேலைக்கு வந்தார்கள். உருளையின் சூடு ஒருத்தியின் விரலைப் பதம் பார்த்தது. ஈரத் துணியின் கனம் தெரியாமல் தூக்கிய இன்னொருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் மூன்று மணிக்குக் கட்டு முழுசாக வேனில் ஏறியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு போனில் என் பாட்டைப் பாட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவ்வளவு நன்றியாக இருந்தது. ஆனால் திட்டித் திட்டியே பழகிய வாய் இது. சொல்ல வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். மைக்குகூட வாய் திறக்காமல் போனாள்.

"நாளைக்கும் வருவாங்களா?" என்றார் மெஷின்காரர். இதே கேள்விதான் என் நெஞ்சிலும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கேட்டிலேயே போய் நின்றேன். என் நேரம், போர்டுக்காரரும் பெயிண்ட் டப்பாவோடு வந்து சேர்ந்தார். "தப்பு என்னோடதுதான் தங்கச்சி. நுரையைக் கொஞ்சம் அழிச்சுட்டு 'காலை'ன்னு சேர்த்துடறேன்" என்றார்.

"இருங்கண்ணே. அவங்க வரலைன்னா எழுதிக்கலாம்" என்றேன்.

ஒன்பது அடித்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே மெஷின்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போர்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். பிரஷ்ஷை முக்கினார். இனி தடுக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

முதலில் வந்தது குரல்தான். "அக்கா, திட்டாதீங்கக்கா!" முனையில் திரும்பி எல்லோரும் ஓடி வந்தார்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. விரலில் கட்டுப் போட்டவளும் வந்தாள், தோள் வலிக்காரியும் வந்தாள். "பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கேட்டுச் சாவியை எங்கயோ வெச்சுட்டுத் தேடி, இப்பத்தான் திறந்தார். பிள்ளைங்களை நடுத்தெருவுல விட்டுட்டு எப்படிக்கா வர்றது?"

பழக்கதோஷத்தில் என் வாய் திறந்தது. அதற்குள் கண் இரண்டும் நிறைந்துவிட்டன. கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

"வந்துட்டீங்களே, அதுவே பெரிசு. வாங்கம்மா, உள்ள வாங்க" என்றேன்.

மைக்கு திறந்த வாயை மூடவில்லை. தாமதமாக வந்தவர்களை நான் கும்பிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக என் கணவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் சொட்ட, போர்டுக்காரர் பாவமாகக் கேட்டார்: "அப்ப நான் என்னதான் பண்றது தங்கச்சி?"

"நுரையை இன்னும் கொஞ்சம் பெரிசா வரைஞ்சுடுங்கண்ணே" என்றேன்.