நான்கு திருகாணிகள்

“நீ ஒழுங்கா இறுக்கியிருந்தா அது ஏன்டா கழண்டுச்சு?”

“அத்தை, நான் இறுக்கினேன். சத்தியமா...”

“சத்தியம் பண்ணாதே! எங்க வீட்டுக் குழாயைச் சரி பண்ணப்பவும் இதையேதான் சொன்னே. மறுநாள் நீந்திப் போய்தான் அடுப்பைப் பத்த வச்சோம்.”

“குழாய் வேற, இது வேற. அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தீங்கன்னா திறந்தே காட்டிடறேன்.”

“கேட்டியாம்மா உன் தம்பி பேசறதை? பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பேசாம இருன்னு சொல்றான்.”

மாமியாருக்கும் தம்பிக்கும் நடுவில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். யார் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் ஆடும். அதனால் யார் பக்கமும் திரும்பவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் காற்றே இல்லாத ஒரு காலையில் அவள் கணவன் இந்தப் பாய்மரப் படகைத் தனியாக எடுத்துக்கொண்டு போனான். புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற துளை வழியாகத் தண்ணீர் புகுந்து, மணல்திட்டில் தட்டி, படகு பாதி மூழ்கி நின்றது. அவன் உடல் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. அந்தத் துளைக்கு ஒரு மாதம் முன்புதான் தம்பி தண்ணீர் புகாமல் அடைக்கிற புது ரப்பர் சீல் போட்டுக் கொடுத்திருந்தான். யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் இரண்டு பேர், பழுது பார்க்கக் கொடுத்திருந்த தங்கள் படகுச் சாவியைத் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

இன்று படகு பட்டறையில் முட்டுக்கொடுத்து நின்றது. தம்பி போட்ட அந்த ரப்பரைக் கழற்றும்போது தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாமியார், யார் கையையும் பிடிக்காமல், எழுபது வயதில் ஏணி ஏறி வந்துவிட்டாள்.

தம்பி எஞ்சினுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கையை விட்டான். தண்டைச் சுற்றிக் கை தடிமனில் ஒரு ரப்பர் உறை. அதை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு இரும்புப் பட்டைகள் கவ்விப் பிடிக்க வேண்டும். பட்டைக்கு ஒரு திருகாணி. உறை இடம் நழுவிக் கிடந்தது.

“ரப்பர் கிழியலை. பட்டையும் அறுந்து போகலை.”

“அப்புறம்?”

டீசலில் நனைத்த துணியால் அவன் ஒரு திருகாணியைத் துடைத்தான். சேற்றுக்கு அடியில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது.

அது அவளுடைய நகப்பூச்சு. சீல் போட்ட அன்று தம்பி வந்து அதைக் கேட்டபோது, “எந்த விரலுக்கு மாப்பிள்ளை?” என்று கணவன் கேலி செய்தது அவளுக்கு நினைவிருந்தது. அவனைக் கூப்பிட்டு வைத்துத்தான் தம்பி காட்டினான். இறுக்கி முடித்ததும் திருகாணித் தலையிலிருந்து பட்டை வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு திருகாணி மயிரிழை திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு முறிந்திருந்தது. பட்டையில் பாதி, திருகாணித் தலையில் பாதி. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத திசையில். நான்கிலும் அப்படியே. நான்கும் கடைசிப் புரி வரைக்கும் கழற்றப்பட்டிருந்தன. தலையின் பள்ளத்தில் திருப்புளி வழுக்கிய பளபளப்பான கீறல்கள். அதிர்வில் கழன்ற திருகாணி இப்படி நிற்காது.

தம்பியின் கை நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான்.

“என்னடா, பேச்சையே காணோம்?”

“மறந்துட்டேன் போல அத்தை,” என்றான் தலையைத் தூக்காமல். “இறுக்க மறந்துட்டேன்.”

மூன்று வாரமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாமியார் அவனைக் குடைந்துகொண்டிருந்தாள். கிடைத்த பிறகு திட்டுவதற்கு வாய் வரவில்லை. எஞ்சின் மூடியின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லடா.”

தம்பியின் கட்டைவிரல் நகம் சிவப்புக் கோட்டைச் சுரண்டத் தொடங்கியது. அவள் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அழிக்காதே.”

“விடுக்கா.”

“செய்யாத தப்பை ஆயுசு முழுக்கச் சுமப்பியா? அத்தை, இங்க வாங்க. இவன் பொய் சொல்றான்.”

“அக்கா, வேண்டாம்க்கா. அவங்க தாங்க மாட்டாங்க.”

“என்னடி தாங்க மாட்டேன்?” மாமியார் எழுந்து வந்தாள்.

டார்ச்சை நகர்த்தி அவள் ஒவ்வொரு கோடாக வெளிச்சம் காட்டினாள். “இது இறுக்கினதுக்கு அப்புறம் போட்ட கோடு. காஞ்ச பிறகு யாரோ திருப்பியிருக்காங்க. நாலையும்.”

“யாரோன்னா?”

“கரையிலேயே கழட்டியிருந்தா அப்பவே தண்ணி ஏறியிருக்கும். படகுல அன்னைக்கு அவர் மட்டும்தானே இருந்தார், அத்தை.”

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான்காவது முடிந்ததும் மறுபடி முதலாவதற்கு வந்தாள். வெளியே யாரோ இன்னொரு படகின் அடிப்பாகத்தைத் தேய்க்கிற சத்தம் விடாமல் கேட்டது.

கடைசி மாதங்களில் கணவன் வீட்டில் அதிகம் பேசவில்லை. படகை எடுக்காத நாளிலும் அதற்குள் போய் உட்கார்ந்திருப்பான். என்ன கோபமோ, தணிந்தால் தானே வந்து பேசுவார் என்று அவள் விட்டுவிட்டாள்.

“புது ரப்பரைப் போடுப்பா,” என்றாள் மாமியார், தம்பியைப் பார்க்காமலே. குரல் இறங்கியிருந்தது. “உன் மேல தப்பில்லை.”

அவன் திருப்புளியைத் தேடினான். மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மருமகளை ஏறிட்டாள்.

“பன்னெண்டு வருஷம் பக்கத்துலயே படுத்திருந்தியே... உனக்குமாம்மா தெரியலை?”