வெள்ளையாகத் தெரிந்த தெரு

தொழிற்சாலையில் வாயுத் தொட்டி கசிகிறது என்று தகவல் வந்தபோது, அறிவிப்புப் படம் வரைய என்னை விட்டால் நகராட்சி அலுவலகத்தில் நாதியில்லை. அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

"மூணு கிலோமீட்டருக்குள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது. வட்டம் போட்டு அனுப்பும்மா, சீக்கிரம்!"

ஊர் வரைபடத்தின் மேல் சும்மா ஒரு வட்டம் போட்டிருக்கலாம். எதையும் அழகாகச் செய்யாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராதே! நடுவில் ஒரு புள்ளி, அதுவரை முழுச் சிவப்பு. விளிம்பில் ஒரு புள்ளி, அதற்கு நிறமே கிடையாது. இடைப்பட்டதை மென்பொருளே கலந்துகொள்ளும். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகச் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். வாயு பரவுவது போலவே இருந்தது. அதிகாரிகூட "பிரமாதம்" என்றார். ஊர் முழுக்கக் கைப்பேசிகளுக்குப் போய்விட்டது.

ஐந்தாவது நிமிடம் தங்கை கூப்பிட்டாள். அவள் வீடு தொழிற்சாலையிலிருந்து இரண்டே முக்கால் கிலோமீட்டர்.

"கிளம்பிட்டியாடி?"

"எதுக்குக்கா? உன் படத்துல எங்க தெரு வெள்ளையாத்தானே இருக்கு? பாப்பா இப்பதான் தூங்கினா."

திரையைப் பார்த்தேன். அவள் தெரு வட்டத்துக்கு உள்ளேதான் இருந்தது. அங்கே மிச்சமிருந்த சிவப்புதான் கண்ணுக்கே தெரியவில்லை.

"அது வெள்ளை இல்லடி, வெளுத்த சிவப்பு! பாப்பாவைத் தூக்கிட்டு ஓடு!"

போனை வைக்காமலே, சிவப்புப் புள்ளியை இழுத்துக்கொண்டு போய் விளிம்புப் புள்ளியின் மேலேயே உட்கார வைத்தேன். கலப்பதற்கு இடமில்லாமல் போனது. வட்டம் முழுக்க ஒரே சிவப்பு, வெளியே ஒன்றுமில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. அனுப்பினேன்.

மூச்சிரைக்க அவள் குரல் வந்தது.

"தெருமுனைக்கு வந்துட்டோம்க்கா. பஸ் நிக்குது, ஏறப் போறோம்."

"மத்தவங்க?"

"யாரும் வரல. கிளம்பினவங்களையும் நான்தான் நிறுத்தினேன். என் அக்கா வரைஞ்ச படம், நமக்கு ஒண்ணுமில்லன்னு வீடு வீடாக் காட்டினேன். புதுப் படத்தை எவனும் தொறந்தே பார்க்கலக்கா."

'ஏறிடுடி' என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். தப்பு செய்தவள் நான், திரும்பிப் போக வேண்டியவள் அவள். பாவி, 'திரும்பிப் போ' என்று என் வாயிலிருந்தா வரவேண்டும்!

"பாப்பாவை பஸ்ல யார்கிட்டயாவது குடு" என்றேன். "நீ போய் ஒவ்வொரு கதவாத் தட்டு."