சம்பந்தி விருந்துக்கு விறகு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வெளியே காற்று எழுகிறது. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். நம் தெருவின் கடைசி வீட்டில் ஒரு மருமகள் வாய் திறந்த கதையைச் சொல்கிறேன்.

அன்று காலையிலிருந்தே எம்பெர்கன் வீட்டு முற்றத்தில் கோடாரி தீட்டும் சத்தம். அவர் மகள் அய்சானெமை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆடு அறுத்தாயிற்று. விறகுதான் இல்லை.

"வறட்டி அடுக்கி வச்சிருக்கேனே, போதாதா?" என்றாள் அவர் மனைவி குல்பர்ஷின்.

"வறட்டியில வெந்த கறியைச் சம்பந்தி வாயில வைப்பாரா? பஞ்சப் பயலுகன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. பின்னாடி சக்சாவுல் மரம் நிக்குதில்ல? அந்தக் கங்குல வெந்தாத்தான் விருந்து."

அந்த மரங்களை நட்டவள் மருமகள் பிபிசாதா. புருஷன் கஜகஸ்தானில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். நம் ஊர்க் கடல் வற்றிப்போன தரையிலிருந்து உப்புப் புழுதி கிளம்பும்போதெல்லாம் அவள் குழந்தை மூச்சுக்குத் திணறும். மூத்தது அப்படித்தான் போயிற்று. அதைப் புதைத்த வருடம்தான், புழுதியை மறிக்கட்டும் என்று மணலில் நாற்றுகளை ஊன்றினாள். தன் குடிதண்ணீரில் பாதியை அவற்றுக்கு ஊற்றினாள். இப்போதுதான் ஆளுயரம் வந்திருந்தன; இரண்டாவது பிள்ளை இந்த வருடம்தான் திணறாமல் தூங்குகிறது.

நம் வீடுகளில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை. அவர் பெயரை நாக்கில் எடுப்பதோ கிடையவே கிடையாது. பிபிசாதா முக்காட்டுக்குள்ளிருந்து மாமியார் காதில் சொன்னாள்: "அத்தே, அந்த மரம்தான் எம்புள்ளைக்கு மூச்சு. மாமாகிட்ட சொல்லுங்க."

குல்பர்ஷின் சொல்லத்தான் செய்தாள்.

"மரம் வேற நட்டுக்கலாம். போன மானத்தை எங்க நடுறது?" என்றார் அவர்.

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. சம்பந்திகளை வரவேற்று, அவர்களையும் கூட்டிக்கொண்டே எம்பெர்கன் பின்பக்கம் போனார். "உங்களுக்காகவே வளர்த்தது," என்று வேறு சொன்னார்.

முதல் மரம் எலும்பு முறிவது போல முறிந்தது.

பிபிசாதா குழந்தையை இடுப்பில் வைத்தபடி இரண்டாவது மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். முக்காட்டை விலக்கினாள்.

"எம்பெர்கன்," என்றாள். "கோடாரியக் கீழ போடுங்க."

கோடாரி தானாகவே கையிலிருந்து நழுவிற்று.

"மாமனார் பேரைச் சொல்ற வீட்டுலயா நாங்க பொண்ணு எடுக்கணும்?" என்றார் சம்பந்தி. வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

அய்சானெம் அழுவாள் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து அடுப்பில் வறட்டியை மூட்டினாள். "உக்காருங்க அண்ணி. பசிக்குது, கறி வேகட்டும்."

மாமனார் பெயரைச் சொன்ன பாவத்தைத் தெரு இன்னும் பேசுகிறது. முறிந்த மரத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசியதில்லை. பேசுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போய் வாருங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டுக்குள் வருகிற காற்றில் உப்பு இல்லாமல் இருக்கட்டும். உங்கள் மருமகள்கள் மெல்லச் சொல்லும்போதே உங்கள் காதில் விழட்டும்.